தொண்ணூத்தஞ்சு நம்பர் பெட்ரோல்

— என்னங்க சத்தம் அது? டப்பாவுக்குள்ள கல்லைப் போட்டுக் குலுக்கற மாதிரி.

— மேடு. மேட்டுல எந்த வண்டியும் கொஞ்சம் முனகும்.

— இப்ப ஒரு லாரி நம்மள முந்திக்கிட்டுப் போச்சு. அது முனகல.

— அது டீசல். விஷயம் தெரியாம பேசாத.

— விஷயம் தெரிஞ்சவர் காலையில எங்க போனீங்க? அப்பாவை ஆஸ்பத்திரியில சேர்த்திருக்குன்னு தம்பி போன் பண்ணினது எட்டு மணிக்கு. நாம கிளம்பினது பதினொண்ணரை.

— பாலத்துக்கு அந்தப் பக்கம் போனேன். அங்க பெட்ரோல் லிட்டருக்கு ஒன்பது ரூபா கம்மி. நாப்பது லிட்டர். கணக்குப் போட்டுப் பாரு.

— போக, வர, வரிசையில நிக்க எரிஞ்சதையும் சேர்த்துப் போடவா?

— வரிசை இருந்தது, ஒத்துக்கறேன். ஊரே அங்கதானே நிக்குது. ஒரு ஆறு குறுக்க ஓடினா வரி மாறுமா? இதைப் பத்தி நான் பத்திரிகைக்கே எழுதியிருக்கேன்.

— போட்டாங்களா?

— பரிசீலனையில இருக்கு.

— சரி, அங்க போட்ட பெட்ரோல் ஆக்டேன் என்ன நம்பர்?

— எண்பத்தேழு.

— நம்ம வண்டி தொண்ணூத்தஞ்சைத் தவிர வேற எதையும் தொடாதுன்னு எங்க வீட்டுல ஒருத்தர் விடாம எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருக்கீங்களே.

— அது ஒரு பேச்சுக்கு. வண்டிக்கு என்ன, நம்பர் படிக்கவா தெரியும்?

— தெரியும் போல இருக்கே. நின்னுடுச்சு.

— சூடாயிருக்கு. பத்து நிமிஷம் ஆறட்டும்.

— ஆஸ்பத்திரி இன்னும் எவ்வளவு தூரம்?

— பன்னண்டு கிலோமீட்டர். மாமாவுக்கு ஒண்ணும் ஆகாது. எழுபத்தாறு வயசுல என்னைவிட வேகமா நடக்கிற மனுஷன்.

— இப்ப உங்களைவிட எறும்பு வேகமா நடக்கும். இருங்க, தம்பிதான் கூப்பிடறான். சொல்லுடா... இல்ல, மேட்டுல நிக்கிறோம். வண்டி மக்கர்... எங்க விழுந்தாரு? வீட்டுல இல்லையா?... அங்க எதுக்குப் போனாரு?... ம்... எப்ப?... ம்... சரி. அவர்கிட்ட நான் சொல்லிக்கறேன்.

— என்ன சொல்றான்?

— நேத்து அப்பா போன் பண்ணி, ரெண்டு நாள் வந்து இருந்துட்டுப் போங்கன்னு கூப்பிட்டாரே. என்ன பதில் சொன்னீங்க?

— மலையில பெட்ரோல் கிடைக்காது, வந்தா திரும்ப முடியாது, என் வண்டி கண்டதையும் குடிக்காதுன்னு சொன்னேன். சும்மா ஒரு சாக்கு. அதுக்கென்ன இப்ப?

— அங்க தொண்ணூத்தஞ்சு நம்பர் பெட்ரோல் மாசத்துக்கு ஒரு தடவைதான் வருமாம். இன்னைக்கு வருதுன்னு யாரோ சொல்லியிருக்காங்க. விடிகாலை நாலு மணிக்கே அஞ்சு லிட்டர் கேனைத் தூக்கிக்கிட்டுப் போய் வரிசையில நின்னிருக்காரு.

— மாமாகிட்ட வண்டியே கிடையாதே.

— முன்னால நின்னவங்களும் அதைத்தான் கேட்டாங்களாம். மாப்பிள்ளை வண்டிக்குன்னு சொன்னாராம்.

— சரி, அப்புறம்?

— கேன் நிறைஞ்சப்புறம்தான் விழுந்திருக்காரு. பிடியை விடலையாம். கையைப் பிரிக்க ரெண்டு பேர் வேண்டியிருந்ததாம்.

— நாம சீக்கிரம் போயிடலாம். இதோ, இப்ப ஸ்டார்ட் ஆயிடும் பாரு.

— வேண்டாம், விடுங்க. அந்த அஞ்சு லிட்டரை எடுத்துக்கிட்டு இங்க வரட்டுமான்னு தம்பி கேக்கிறான். ஆஸ்பத்திரியில இனிமே அவனுக்கு வேலை இல்லையாம்.