கேள்விக்குப் பிறகு சற்று நேரம்

மேடையில் வீற்றிருக்கும் கல்வி மாவட்டக் கண்காணிப்பாளர் மார்லிஸ் பிரெக்கெ அவர்களே, போதகர் அவர்களே, மாணவச் செல்வங்களே, காபி ஊற்றியபடியே காதை இந்தப் பக்கம் வைத்திருக்கும் சகோதரிகளே!

அறிவியல் ஆசிரியை சோல்வெய்க் ஹாகன் இன்று நம்மிடையே இல்லை. அடுத்த வகுப்பறையில் கணக்கு நடத்தியவன் என்ற தகுதியில் பேசுகிறேன். எனக்கு வேறு தகுதி இல்லை என்று அவரே பலமுறை சொல்லியிருக்கிறார்.

நம் பிள்ளைகள் கோதுமை வயல்களைத் தாண்டிப் பள்ளிக்கு வருவதற்குள் பேருந்திலேயே பாதி வளர்ந்துவிடுகிறார்கள். அந்த நேரத்துக்காகத்தான், பாடத்தைப் பதிவுசெய்து பேருந்தில் ஒலிக்கவிடும் பாட்காஸ்ட் ஒன்றை சோல்வெய்க் தொடங்கினார். அது என்னவென்று எங்களுக்குத் தெரியாது. தெரியாததால் உடனே எதிர்த்தோம்.

"பனிக்கட்டி ஏன் மிதக்குது?" என்று பேருந்தின் ஒலிபெருக்கியில் கேட்பார். பிறகு பேசமாட்டார். நாற்காலி கிரீச்சிடும். அவர் மூச்சு கேட்கும்.

"மெஷின் நின்னுபோச்சுன்னு புள்ளைங்க நினைக்கப்போறாங்க" என்றேன்.

"நினைக்கட்டும், கணக்கு வாத்தியாரே. உன் வகுப்புல அதுகூட நடக்கிறதில்லையே!"

அந்த இடைவெளியில் பேருந்தே அலறும். "அடர்த்தி கம்மிடா!" "எது, உன் மண்டையா?" "ஏய், மிஸ் பேசப்போறாங்க, வாயை மூடு!" ஓட்டுநரும் பதில் சொல்வார், பெரும்பாலும் தவறாக.

பிறகு மாவட்ட அலுவலகம் ஒரு மென்பொருள் வாங்கியது. பேச்சில்லாத இடங்களை அது தானே வெட்டிவிடும். கேள்வியின் வாலைப் பிடித்துக்கொண்டே பதில் வந்தது. பிள்ளைகள் பதில் சொல்வதை நிறுத்தினார்கள். பேருந்து அமைதியானது. ஒழுக்கம் மேம்பட்டதாக அறிக்கை எழுதப்பட்டது.

சோல்வெய்க் சும்மா இருந்தாரா? நேரே கண்காணிப்பாளர் அறைக்குப் போனார். கூட நானும் போனேன்.

"மார்லிஸ், நான் நிறுத்துற இடத்துலதான் புள்ளைங்க ஆரம்பிக்கிறாங்க."

"ஒண்ணுமே நடக்காத நேரத்துக்கு யாரு பொறுப்பு, சோல்வெய்க்?"

"நான்தான். எழுதிக்கோ."

எழுதிக்கொள்ளவில்லை. ஆனாலும் சோல்வெய்க் கடைசிவரை மூலப் பதிவுகளையும் சேர்த்தே மாவட்டக் கணினியில் ஏற்றிவந்தார். இப்போது, அவர் நினைவைப் போற்றும் வகையில், சுருக்கிய பாடங்களை மட்டும் வைத்துக்கொண்டு மூலப் பதிவுகளைத் திங்கட்கிழமை அழிக்கப்போவதாக அறிவிப்பு வந்திருக்கிறது.

அன்பர்களே, அந்தச் சுருக்கிய பாடங்களை நான் கேட்டேன். தெளிவாக இருக்கின்றன. அவற்றில் சோல்வெய்க் ஒருமுறைகூட மூச்சு விடுவதில்லை. அந்த வேலைக்கு மரணம் ஒன்று போதாதா? மென்பொருளும் வேண்டுமா?

சுவருக்கு அப்பால் அவர் பேச்சை நிறுத்தும்போதெல்லாம் என் வகுப்பும் தலையைத் தூக்கிக் காத்திருக்கும். எரிச்சலாக இருக்கும் எனக்கு. இந்த வாரம் அந்த அறையில் மாற்று ஆசிரியர் இடைவிடாமல் பேசுகிறார். நல்லவர்தான். ஆனால் நான் சாக்கட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, எப்போது நிறுத்துவார் என்று சுவரையே பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.

ஆகவே, கண்காணிப்பாளர் அவர்களே, ஆசிரியர்கள் சார்பில் உங்கள் முன்னிலையிலேயே உறுதி கூறுகிறேன்: ஒரு நொடிகூட வெட்டாத பதிவுகளைப் படியெடுத்துவிட்டோம். திங்கட்கிழமை நீங்கள் எதை அழித்தாலும், செவ்வாய்க்கிழமை அவை பேருந்தில் ஒலிக்கும். இனி வரும் பாடங்களை நாங்கள் பதிவுசெய்வோம். நாங்களும் கேள்வியைக் கேட்டுவிட்டுக் காத்திருப்போம்.

அவருடைய கடைசிப் பதிவு முடிவடையவில்லை. "வசந்தம் வந்ததை மண்ணுக்குள்ள இருக்கிற விதை எப்படித் தெரிஞ்சுக்குது?" என்று கேட்கிறார். அதற்குப் பிறகு அவர் மூச்சு மட்டும்தான். நேற்று காரில் அதைக் கேட்டபோது, வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு, எனக்குத் தெரிந்த பதிலை உரக்கச் சொன்னேன். தவறாகத்தான் இருக்கும்.

சோல்வெய்க் குறுக்கிடவே இல்லை. நான் சொல்லிமுடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தார்.