பீரோவில் பூட்டிய காதுவில்லை

போளூரிலிருந்து ஜமுனாமரத்தூர் போகும் பஸ்ஸில், எனக்கு முன்சீட்டுப் பெண் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார்:

"மாடு பள்ளத்துல உருண்டாலும் எனக்கு பயமில்லக்கா. இன்சூரன்ஸ் போட்டுட்டேன்."

"காதுல நம்பர் வில்லை போட்டாங்களா?"

"போட்டாங்க. அன்னிக்கே கத்தரிச்சு எடுத்துட்டேன்."

"இன்னாத்துக்குடி?"

"காட்டுல மேயுறப்ப முள்ளுல மாட்டித் தொலைஞ்சிட்டா? பீரோவுல வெச்சுப் பூட்டிட்டேன். ரொம்ப பத்திரமா கீது."

கொண்டை ஊசி வளைவில் பஸ் திரும்பியது. கம்பியைப் பிடித்தபடி அக்கா நிதானமாகச் சொன்னார்:

"மாடு செத்தா டாக்டரு வந்து காதைத்தான் பாப்பாரு. வில்லை இல்லன்னா பைசா வராது. நாளைக்கே ஓட்டிட்டுப் போயி புதுசு போட்டுக்க. அதுவரைக்கும் உன் பீரோ செத்தாதான் பணம்."