பத்ரி கை பட்ட வண்டி

— ஹால்ல மாட்டிக்கிற அந்த போட்டோவ எறக்கிட்டியா, கனகம்?

— வண்டி இன்னும் ஜாக்கி மேலதான நிக்குது? பின்சக்கர அச்சு வெளிய வந்தாதான் போட்டோ எறங்கும்னு பேச்சு. நீங்களே சொன்னது.

— சொன்னேன். இல்லன்னல. தனியாளா நானே அச்ச எறக்கி, ஒடஞ்ச ஸ்பிரிங் பட்டைய மாத்தி, இந்த அம்பாசடர ஓட்டிக் காட்டினா உன் பழைய புருஷன் உள் ரூமுக்குப் போவணும்.

— அவருக்குப் பத்ரின்னு பேரு இருக்கு. சொன்னா எழுந்து வந்துட மாட்டாரு.

— எழுந்து வேற வரணுமா? போனவன் எங்க போனான்? குளிக்கப் போனா அவன் அடிச்ச கொக்கி. சாஞ்சா அவன் நாற்காலி. பால்காரன் என்னப் பாத்து 'பத்ரி சார் வீட்டுப் பெரியவரே'ன்றான். நான் உன்னக் கட்டிக்கினனா, அவனக் கட்டிக்கினனா?

— தை மாசம் ரிஜிஸ்டர் ஆபீஸ்ல கையெழுத்துப் போடும்போது தெரியாதா, இந்த வீட்டுக்குத்தான் வரப்போறோம்னு?

— வீடுன்னு தெரியும். அதுல செத்தவன் ஒருத்தன் பாதி எடத்த அடைச்சிக்கினு இருப்பான்னு தெரியாது.

— துரைராஜ்னு பேரு வெச்சவங்க அந்த வாய்க்கு ஒரு பூட்டும் சேத்து வெச்சிருக்கலாம்.

— உப்பல்ல இருந்து உன் பொண்ணு வந்தாளே, ஸ்ரீலேகா. வாசல்ல கால வெச்சதும் இன்னா கேட்டா? அம்மா எப்டி இருக்கான்னு கேட்டாளா? 'அப்பா வண்டி ஏன் ஒரு பக்கம் சாஞ்சி நிக்குது'ன்றா. அவ பாத்த பார்வையில நான்தான் ஏறி உக்காந்து சாச்சிட்டேன்.

— அதுக்குத்தான் மெக்கானிக்கக் கூப்பிடலாம்னு சொன்னேன்.

— மெக்கானிக்கா? நல்ல சாமானத் தூக்கி உள்ள வெச்சிக்கினு, துருப்புடிச்சத நம்ம வண்டில மாட்டுவான். எவனையும் நம்ப மாட்டேன். சரி, வெளிச்சத்த இப்டி காட்டு.

— ஏங்க, பாடிய ரொம்பத் தூக்கிட்டீங்க. அச்சு தொங்குது. பிரேக் பைப்பு எப்படி வெறச்சு நிக்குது பாருங்க.

— லாலாகுடா ஒர்க்‌ஷாப்புல ரயில் பெட்டிய இப்டித்தான் தூக்குவோம். பெட்டி மேல போவும், சக்கரம் தண்டவாளத்துல நிக்கும். அதயே செஞ்சவன் நான். இது இன்னா, பொம்ம வண்டி!

— அங்க நடுவுல இருக்கறத எல்லாம் அவுத்துட்டுத்தான தூக்குவீங்க? இங்க அச்சு இன்னும் வண்டியோட கட்டிக் கெடக்கு. பைப்பு அறுந்தா ஆயில் உங்க மூஞ்சிலதான் ஊத்தும்.

— இதெல்லாம் உனக்கு எப்டித் தெரியும்?

— இந்தக் கார் ஷெட்டுல நின்னிருக்கேன், தெரியாதா?

— நின்ன. அவன் பக்கத்துல நின்ன.

— மொதல்ல பைப்பக் கழட்டுங்க.

— கழட்டிட்டேன், கழட்டிட்டேன். ஷாக் அப்சர்வரும் வந்திடுச்சி. இந்தா, வாங்கி ஓரமா வை... இன்னாடா இது! நட்டுக்கு நட்டு சைக்கிள் டியூப்ப வெட்டித் தொப்பி போட்டு, நூலால கட்டி வெச்சிக்கிறான்!

— துருப்புடிக்காம இருக்கத்தான்.

— எதுக்குன்னு எனக்குத் தெரியாதா? உள்ள கிரீஸ் நேத்து தடவினாப்ல கீது. முடிச்சப் பாரு முடிச்ச, மல்லிப்பூ கட்டறாப்ல. ஆம்பள கட்டற கட்டா இது?

— நல்லா இல்லியா?

— நல்லா இருக்குது. அதான வயித்தெரிச்சலு! ஒரு நட்டாவது எடக்கு பண்ணும், அவனத் திட்டலாம்னு பாத்தா, தொட்டதும் சுத்துது. இந்தா, அச்சையும் பட்டையையும் சேத்துப் புடிச்ச யூ போல்ட்டு. எல்லாம் வந்திடுச்சி. இனிமே பட்டையோட முனைல இருக்கிற பின்னு ஒண்ணுதான். அது வந்தா உன் பத்ரி காலி.

— அப்படி ஓங்கி அடிக்காதீங்க. முனை மலந்துரும்.

— அவன் அடிக்காமயே எடுத்தானா?

— அடிச்சு நான் பாத்ததில்ல.

— பின்ன இன்னா, கொஞ்சினானா? உன்னக் கொஞ்சினாப்ல?

— வயசுக்குத் தகுந்த பேச்சு பேசுங்க. யாரோ வராங்க.

— அண்ணா, நான்தான் கிரி. எதுக்கு இவ்ளோ சத்தம்? மாடியில பாப்பா முழிச்சிருச்சு.

— வாடகைக்கு இருக்கிறவனுக்குக் கீழ இன்னா வேல?

— அரே, பத்ரி சார் வண்டி! பிரிச்சுப் போட்டுட்டீங்களா? அவரு வேல பண்ணா சின்ன சத்தம் வராதுண்ணா. ஷட்டரப் பாதி எறக்கிடுவாரு. யாரையும் உள்ள விட மாட்டாரு. சாயந்திரம் ஷட்டர் மேல போச்சுன்னா வண்டி ரெடி. சட்டையில ஒரு கறை இருக்காது. நிஜம்மா! இஸ்திரி போட்ட மாதிரியே வெளிய வருவாரு.

— கிரி, போதும்ப்பா.

— இருக்கறதத்தான் சொல்றேன் கனகம் அக்கா. நீங்களே சொல்லுங்க, அந்தக் கை யாருக்கு வரும்?

— ஹவ், ஆமாண்டா, அந்தக் கை யாருக்கும் வராது. நீ போ.

— நக்கோண்ணா, வேணாம், இந்த வயசுல கஷ்டப்படாதீங்க. சனத்நகர்ல நமக்குத் தெரிஞ்ச மெக்கானிக் மேஸ்திரி இருக்காரு, போன் போடட்டா?

— உன் போன இந்த அச்சுக்கு அடியில வெச்சி ஜாக்கிய எறக்கிடுவேன். போடா மேல!

— சரே, சரே. கோவம் எதுக்கு? போறேன்.

— ...போயிட்டானா?

— போயிட்டான். தண்ணி குடிக்கிறீங்களா?

— நக்கோ. கனகம்...

— சொல்லுங்க.

— எனக்கு வரல. தோள்பட்ட கழண்டு போச்சி. போட்டோ ஹால்லயே இருக்கட்டும். அந்த மேஸ்திரிய வரச் சொல்லு.

— எழுந்திரிக்காதீங்க. இருங்க.

— இருந்து இன்னா பண்றது? அவன் சட்டையில கறை படாம முடிச்சான். எனக்குக் கண்ணு இமை வரைக்கும் கிரீஸ். இத வெளியில சொல்றதுக்கே வெக்கமா கீது... நீ சோறு போடும்போதுகூட, அவனுக்கு இன்னும் ஒரு கரண்டி போட்டிருப்பாளோன்னு பாப்பேன். ஒவ்வொரு நாளும் அவனோட என்ன நிறுத்துப் பாக்கறியோன்னு இருக்கும். இன்னிக்கி நிறுத்தாச்சி. நான் கம்மி.

— அச்சோட பாரம் பூரா அந்தப் பின்னுல தொங்குது. அதான் வரல. சின்ன ஜாக்கிய அச்சுக்கு அடியில குடுத்து, ஒரு விரக்கட தூக்குங்க.

— தூக்கினா?

— தூக்கிட்டுத் தொட்டுப் பாருங்க.

— இத இவ்ளோ நேரம் வாய்க்குள்ளயே வெச்சிக்கினு இருந்தியா! அவன் சொல்லிக் குடுத்ததா?

— அவருக்குத் தெரியாது.

— இன்னும் கொஞ்சம் தூக்கட்டா?

— போதும். இப்ப விரலால இழுங்க.

— ஏ கனகம்! வந்திடுச்சி! வெண்ணெயில இருந்து எடுத்தாப்ல கையோட வந்திடுச்சி... இரு. இன்னா சொன்ன? அவனுக்குத் தெரியாதா?

— இந்தப் பின்ன எந்தப் பக்கம் இழுக்கணும்னுகூடத் தெரியாது.

— அப்ப பாதி ஷட்டர எறக்கி வெச்சிக்கினு உள்ள இன்னாதான் பண்ணான்?

— ஸ்டூல் போட்டு உக்காந்து பேப்பர் படிப்பாரு. வண்டிக்கு அடியில அவரு பொண்டாட்டி படுத்திருக்கறது காலனிக்குத் தெரியக் கூடாதுன்னுதான் அந்த ஷட்டரு.