டிராம் படத்தில் ஒரு நீலக் குடை

"மதில்ல ஏறு தங்கச்சி! ஏறு!"

காசிம் நானா கத்துகிறார். எங்கள் போட்டோ ஸ்டூடியோவுக்கு அடுத்தது அவருடைய துணிக்கடை. இரண்டுக்கும் நடுவே பின்பக்கம் ஒரு மதில். நான் அதன் மேல் இருக்கிறேன். சேலை கம்பியில் மாட்டிக் கிழிகிறது. முன்பக்கம் கண்ணாடி உடைகிற சத்தம். முதலில் ஒன்று. பிறகு தெரு முழுக்க.

என் வீட்டுக்காரர் மாணிக்கம் கீழே நிற்கிறார். என்னைத் தூக்கிவிட்டது அவர்தான். அடுத்து அவர் ஏற வேண்டும். ஏறவில்லை.

"நெகட்டிவ் பெட்டி உள்ள இருக்கு. இந்தா, எடுத்துட்டு வந்துடுறேன்."

"பெட்டி நாசமாப் போகட்டும்! நீங்க வாங்க!"

போய்விட்டார். 1983 ஜூலை. பதுளைக் கடைவீதி. பட்டப்பகல்.

அந்தப் பெட்டியில் இருந்தவை தேயிலைத் தோட்டத்துச் சனங்களின் முகங்கள். இந்தியாவுக்குப் போகப் பதிந்தவர்கள். ரயிலில் தலைமன்னார், அங்கிருந்து கப்பல். ஆயுள் முழுக்க லயத்து ஒற்றை அறையில் கிடந்துவிட்டு, கொழும்பை ஒரு தடவைகூடப் பார்க்காமல் போகிறவர்கள். அக்கரையில் சொந்தக்காரர்கள் முதலில் கேட்பது, "கொழும்பு எப்படி இருக்கும்?" என்றுதானாம். பார்க்கவில்லை என்று சொல்ல வெட்கம். அந்த வெட்கத்துக்கு எங்களிடம் மருந்து இருந்தது.

தோட்டங்களை அரசாங்கம் எடுத்த சமயம், வெள்ளைக்காரத் துரை ஒருவர் சீமைக்குக் கிளம்பினார். பங்களாச் சாமான்கள் ஏலத்துக்கு வந்தன. ஊரார் மேசை, கட்டில் எடுத்தார்கள். என் மனிதர் பழைய கொழும்புப் படங்களைச் சுமந்து வந்தார். புகை விடும் கப்பல்கள். மணிக்கூட்டுக் கோபுரம். புறக்கோட்டையில் டிராம் வண்டி, ரிக்ஷாக்காரர்கள், தொப்பி வைத்த மனிதர்கள். "அடுப்பெரிக்கவா?" என்று கேட்டேன். அவர் காதில் வாங்கவில்லை. துறைமுகப் படத்தைத் துண்டு துண்டாகப் பெரிதாக்கிச் சுவர் நிறைய ஒட்டினார்.

அவ்வளவுதான். பதிந்தவர்கள் எல்லாரும் அதன் முன்னால் நின்று படம் பிடித்துக்கொண்டார்கள். ஆண்களுக்கு எங்கள் ஓடாத கைக்கடிகாரம். பெண்களுக்கு என் கைப்பை. கப்பல் பின்னால் தெரிகிறதா என்று திரும்பித் திரும்பிப் பார்ப்பார்கள். பாதிக் குடும்பம் போகும், பாதி இங்கேயே நிற்கும். எல்லாரும் சேர்ந்து நின்றது அந்தக் காகிதத் துறைமுகத்தில் மட்டும்தான்.

லுணுகலையிலிருந்து வந்த கிழவர் ஒருவர் டிராம் படத்தை விட்டு நகர மாட்டேன் என்றார். கூட்டத்தில் மூட்டையோடு நின்ற ஆளைத் தொட்டுக் காட்டி, "எங்கப்பாதானுங்க" என்றார். அதே ஆளை எத்தனையோ பேர் தங்கள் அப்பா என்றிருக்கிறார்கள். நாங்கள் யாரையும் மறுத்ததில்லை. பார்த்துப் பார்த்து எனக்கும் ஆசை பிடித்தது. போனால் அந்தக் கொழும்புக்குப் போக வேண்டும். இப்போது இருப்பதற்கு அல்ல.

கறுப்பு வெள்ளைப் படங்களுக்குச் சாயம் பூசுவது என் வேலை. டிராமுக்குப் பக்கத்தில் ஒரு பெண் குடை பிடித்து நிற்பாள். ஒரு நாள் அந்தக் குடைக்கு மட்டும் நீலம் பூசிவிட்டேன். "பழைய படத்துல கை வைக்கிறியே, உனக்குக் கொழுப்புடி" என்றார் என் மனிதர். சாயங்காலம் வரை மூஞ்சியைத் தூக்கி வைத்திருந்தார். பிறகு அவரே அதைச் சிரித்துக்கொண்டு மாட்டினார்.

கொழும்பில் தமிழர் கடைகள் எரிகின்றன என்று செய்தி வந்தது. முன்கண்ணாடியில் வைத்திருந்த கல்யாணப் பெண்களை, பொட்டும் பூவுமாக நின்ற தோட்டத்துக் குடும்பங்களை, எல்லாவற்றையும் இறக்கினார். அங்கே கொழும்புப் படங்களை வரிசையாக வைத்தார்.

"கொழும்பே எரியுதாம். கொழும்புப் படம் நம்மளக் காப்பாத்துமா?"

"சிங்களச் சனமும் வந்து ஆசையாப் பாத்துட்டுப் போற படம்தானே. இதுல கை வைக்க மாட்டாங்க, நீ பாரு."

பார்த்தேன்.

காசிம் நானாவின் மாடியறை. அவர் மனைவி என் வாயைப் பொத்திக்கொண்டிருக்கிறார். மண்ணெண்ணெய் வாடை மதில் தாண்டி வருகிறது. தெருவில் கூச்சல். பிறகு எங்கள் கூரை ஆஸ்பெஸ்டாஸ் சீட்டு வெடிக்கிறது. பட். பட். பட். நான் மதிலையே பார்க்கிறேன். ஒரு கை தெரிந்தால் போதும். கை தெரியவில்லை. ஐயோ, அந்த மதிலில் ஒரு கை தெரியாதா?

பெட்டி இருந்தது உள்ளே, படம் கழுவும் இருட்டறையில். அதற்குக் கதவு ஒன்றுதான்.

நானா ஜன்னல் இடுக்கால் பார்த்திருக்கிறார். அகதி முகாமில் இருந்த எனக்குச் சோறு கொண்டு வந்தபோதுதான் சொன்னார். "கொழும்புப் படத்தையெல்லாம் ஒவ்வொண்ணாக் கழட்டி எடுத்துக்கிட்டாங்க தங்கச்சி. பொறகுதான் தீ வச்சாங்க." சொல்லிவிட்டு அழுதார். எனக்கு அழுகை வரவில்லை. வயிறு எரிந்தது. இன்றைக்கும் எரிகிறது.

பிறகு அப்புத்தளையில் அக்கா வீட்டு லயக் காம்பிராவில் ஒண்டினேன். தேயிலைக் கொழுந்து எடுத்தேன். ஒரு மழை நாள், ஸ்டேசனுக்குப் பக்கத்துத் தேத்தண்ணிக் கடையில் ஒதுங்கினேன். சுவரில் டிராம் வண்டி. ஓரத்தில் நீலக் குடை.

முதலாளி நான் பார்ப்பதைக் கண்டார். அவருக்குத் தெரிந்த தமிழில் கேட்டார். "பழைய கொழும்பு. நல்லா இருக்குதானே?"

"ஆமாங்க. நல்லா இருக்கு."

யாரிடம் வாங்கினாரோ. கேட்டு என்ன ஆகப்போகிறது? தேத்தண்ணியைக் குடித்தேன். மழையிலேயே நடந்தேன்.

போனவற்றைச் சொல்லிவிடுகிறேன். ஒரு கேமரா. ஒரு கைப்பை. ஓடாத கடிகாரம். ஒரு பெட்டி முகங்கள். எத்தனை குடும்பம் என்று கணக்கு வைத்திருந்தவர் அவர்தான். எங்கள் கல்யாணப் படம். மாணிக்கம், என் வீட்டுக்காரர். எரிந்த மரத்தோடு சேர்த்துத்தான் அள்ளிக் கொடுத்தார்கள். அவர் முகத்தைக் காட்ட என்னிடம் ஒரு துண்டுப் படம்கூட இல்லை.

கொழும்புப் படங்களுக்கு ஒரு கீறல்கூட விழவில்லை.