சுவரை இடிக்கக் கூடாத மாதங்கள்

புது ஷவரில் சுடுதண்ணீர் தலையில் விழும்போது ஒரு சுகம் இருக்கத்தான் செய்கிறது, சார். முதலிபாளையத்தில் பனியன் கம்பெனி தொடங்கிய காலத்திலிருந்து வாளியில் மொண்டு ஊற்றிக் குளித்த ஆள் நான். மகன் தரணீதரனுக்குக் கல்யாணமானதும், அவனுக்கும் மருமகள் மோனிஷாவுக்கும் மாடி பாத்ரூமைப் புதிதாக்கிக் கொடுத்தேன். ஷவர் வால்வு சுவருக்குள் பதிந்திருக்கும். வெளியே பளபளவென்று கைப்பிடி மட்டும்தான் தெரியும்.

சில மாதங்களில் கீழ்வீட்டுச் சமையலறைச் சுவரில் ஈரம் படர்ந்தது. அங்கே என் கம்பெனி டெய்லர் ஆரோக்கியராஜும் அவன் சம்சாரம் விஜயராணியும் குடியிருந்தார்கள். தெற்கத்தி ஆட்கள், சத்தமில்லாத குடும்பம். பிளம்பர் குமாரசாமி வந்து சுவரில் காது வைத்துக் கேட்டான்.

"வால்வுல கசியறாப்புல இருக்குதுங்க. கசியாமயும் இருக்கலாம். டைல்ஸ ஒடச்சுப் பாத்தாத்தானுங்க தெரியும்."

"மருமக மாசமா இருக்குது. கொழந்த பொறக்கட்டும், அப்பறம் ஒடச்சுக்கலாம்," என்றேன்.

மாசமான பெண் இருக்கும் வீட்டில் நாங்கள் ஆணிகூட அடிக்க மாட்டோம். அந்த பாத்ரூமுக்கு டைல்ஸ் வெட்டிக்கொண்டிருந்த சமயத்தில்தான் மோனிஷாவுக்கு முதல் கரு கலைந்தது. அவள் அழுத அழுகையை இன்னொரு தடவை கேட்கும் தெம்பு எனக்கு இல்லை.

சுவருக்குள் ஓடும் வயர் வரைக்கும் ஈரம் ஏற ஏற டிரிப்பர் விழ ஆரம்பித்தது. கரண்ட் எங்காவது கசிந்தால் தானாகவே லைனைத் துண்டிக்கும் ஸ்விட்ச் அது. மேலும் கீழும் ஒரே லைன் என்பதால் மோனிஷாவின் ஏசியும் நின்றுவிடும். வயிற்றுப் பிள்ளைக்காரி வேர்த்து வழிய உட்கார்ந்திருப்பாள். கம்பெனியில் ஷிப்மென்ட் நெருக்கடியில் டிரிப்பர் படுத்தினால், அதைத் தாண்டி டைரக்ட் கொடுத்து வேலையை முடிப்பது என் வழக்கம். வீட்டிலும் அப்படியே கொடுத்தேன். அதற்குப் பிறகு ஏசி நிற்கவே இல்லை.

விஜயராணி மாடிப்படி வரைக்கும் வந்து நின்றாள்.

"அண்ணாச்சி, பைப்பத் தொட்டா சுருக்குன்னு இழுக்கு. பயமா இருக்கு."

"செருப்புப் போட்டுட்டுப் பொழங்கு, கண்ணு. கொஞ்ச நாளைக்குத்தான்."

அன்பாகத்தான் சொன்னேன். ரப்பர் செருப்பு ஒரு ஜோடி வாங்கியும் கொடுத்தேன். சமையலறையில் மாதா படம் வைத்திருந்தாள். அங்கே செருப்போடு நிற்க மாட்டாள். அதுவும் எனக்குத் தெரியும்.

அன்றைக்கு மதியம் சாப்பிட வந்திருந்தேன். கீழே பாத்திரம் விழும் சத்தம் கேட்டது. இறங்கிப் போய் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பைப்பைப் பிடித்தபடியே சரிந்து கிடந்தாள். உடனே மெயினை ஆஃப் செய்தேன். அதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும், சார். மூச்சு இருந்தது.

ஆம்புலன்ஸ் வந்தால் கரண்ட் ஆபீஸ்காரர்களும் வருவார்கள், டைரக்ட் கொடுத்ததைப் பார்ப்பார்கள். போலீஸ் வாசலில் நின்றால் மோனிஷா பயந்துவிடுவாள். அதனால் முதலில் டிரிப்பரைப் பழையபடி மாட்டினேன். அவசரப்பட்டால் ஸ்க்ரூ சரியாக உட்காராது. நிதானமாக முறுக்கி, மூடியைப் போட்ட பிறகுதான் 108க்குக் கூப்பிட்டேன். டிரிப்பர் சரியாக இருக்கிறதென்று உங்கள் ஆட்கள் எழுதியது அதனால்தான். கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பாள் என்று டாக்டர் சொன்னதும் அதனால்தான்.

ஆஸ்பத்திரித் தரையில் உட்கார்ந்து ஆரோக்கியராஜ் அழுதான். அவளுக்கும் நாள் தள்ளிப்போயிருந்ததாம். எங்களிடம் சொல்லவில்லை.

சொல்லியிருந்தால் சுவரை இடித்துச் சரிசெய்திருப்பீர்களா என்று கேட்கிறீர்கள். நன்றாக யோசித்துப் பார்த்துவிட்டேன். மாசமாக இருக்கும் பெண்கள் இரண்டு பேர் உள்ள வீட்டில் எப்படி, சார், இடிப்பது?