வடக்கு வாசலின் பதில்

டொம்... டொம்...

காற்றுதான். ஜன்னல் பலகை அடித்துக்கொள்கிறது. நெருங்கி உட்காருங்கள். மிலோஷ், பீரைக் கொட்டாதே.

சதுக்கத்தின் வடக்கு வரிசையில் ஏழாவது வீட்டுக்கான இடம் காலியாகக் கிடக்கிறதே... வளைவுத் தாழ்வாரம் அங்கே மட்டும் அறுந்து, பல் விழுந்த வாய் மாதிரி? அது நம் ஒத்தகார் இருக்கிறானே, அவன் பெரியப்பா போஹுமிலின் வீடு. அவர் ஊர் மணிக்கோபுரத்தில் தீக் காவலர்.

இரவு முழுக்க, கால் மணிக்கொரு தரம், கோபுரத்தின் நான்கு ஜன்னல்களிலும் நின்று "எல்லாம் சுகமா?" என்று கூவ வேண்டும். பழைய நாளில் நான்கு கோட்டை வாசல்களிலிருந்தும் "சுகம்" என்று பதில் வருமாம். ஒருநாள் வடக்கு வாசல்காரன் முட்டக் குடித்துவிட்டு, தன் பின்னால் தீ எரியும்போதே "சுகம்" என்றான். வடக்கு வரிசை முழுக்கச் சாம்பல். அதற்குப் பிறகு கட்டியவைதான் இந்தக் கல் முகப்புகள். முகப்பு மட்டும்தான் கல். உள்ளே இன்னும் மரம்.

வாசல்களை இடித்து நூறு வருஷம் ஆகிவிட்டது. ஆனாலும் காவலர் கூவிவிட்டு ஒரு மூச்சு நேரம் காத்திருப்பார். பதில் வராவிட்டால் ஊர் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம்.

அது சந்தை வாரம். ஊரெல்லாம் வெளியாட்கள். கிளம்பும்போது போஹுமில் மனைவியிடம் சொன்னார்.

"ஸ்டெங்கா, என் குரல் மேலேயிருந்து கேட்டுக்கிட்டு இருக்கிற வரைக்கும் யார் தட்டினாலும் திறக்காதே."

"நீங்க தூங்கிடாம கூவுங்க, அது போதும்," என்றாள் அவள். "உங்க தொண்டையக் கேட்டாத்தான் பாப்பாவே தூங்குது."

மணி இரண்டு. சதுக்கத்தில் பனி. ஒரு நாய்கூட இல்லை. கிழக்கே கூவினார்... மௌனம். தெற்கே, மேற்கே... மௌனம். வடக்கு ஜன்னலைத் திறந்தார்.

"எல்லாம் சுகமா?"

"சுகம்..."

நாக்குக் குழறிய குரல். கூடவே ஒரு வாடை... மரம் கருகும் வாடை.

எட்டிப் பார்த்தார். தீ இல்லை. புகை இல்லை. வெள்ளைக் கூரைகள் சும்மா கிடந்தன. இல்லாத தீக்கு அபாய மணி அடித்தால் வேலை போய்விடும். ஆனால் வாடை ஏறிக்கொண்டே வந்தது. அதுவும் ஏழாவது வீட்டுப் பக்கமிருந்து...

விடியும்வரை காவலர் கோபுரத்தை விட்டு இறங்கக் கூடாது. கோபுரம் குரலில்லாமல் இருக்கக் கூடாது. அது ஊர்ச் சட்டம்.

போஹுமில் இறங்கினார்.

நூற்றெழுபது படிகள். பிறகு தாழ்வாரம். டக்... டக்... அவர் பூட்ஸ் சத்தம் மட்டும். வீட்டு வாசலில் வாடை நெஞ்சை அடைத்தது. கதவில் கை வைத்தார். வெளியே அத்தனை பனி... கதவு வெதுவெதுப்பாக இருந்தது.

தட்டினார். "ஸ்டெங்கா... நான்தான்... பாப்பாவத் தூக்கிட்டு வெளியே வா." ஓடி வந்த மூச்சிரைப்பில் குரல் கரகரத்தது.

உள்ளே படியில் காலடிச் சத்தம். தாழ்ப்பாள் பாதி நகர்ந்தது...

இரண்டே கால் அடித்தது.

உயரே, ஆளில்லாத கோபுரத்தில், ஜன்னல் திறந்தது.

"எல்லாம் சுகமா?"

அவருடைய குரல். கடைசியில் வரும் அந்தச் சின்ன இருமல்கூட அவருடையது.

தாழ்ப்பாள் திரும்பவும் உள்ளே போனது.

"எங்க வீட்டுக்காரர் மேலே கூவிக்கிட்டு இருக்காரு," என்றாள் ஸ்டெங்கா, கதவுக்கு அந்தப் பக்கமிருந்து. "நீ யாருப்பா?"