மேலப் பொத்தைத் தழை

"அலோ... அலோ! யாரு, போர்டு குமாஸ்தா நமச்சிவாயந்தான? நான் தில்லைநாயகம் பேசுதேன்வே, அம்பாசமுத்திரம் கிட்டங்கியிலேர்ந்து... ஆமா, ஆமா, மெம்பர் தில்லைநாயகந்தான்... ஒரே இரைச்சலா இருக்கு, சத்தமாப் பேசும்!"

பருத்தி வியாபாரி ஒருவர் தன் சரக்குக் கிட்டங்கிக்குச் சொந்தச் செலவில் இழுத்திருந்த டெலிபோன் கம்பி அது. தில்லைநாயகம் குழலைக் காதோடு அழுத்திக்கொண்டார். கிட்டங்கி வாசலில் அவர் ஊர்க் கொம்பையாவும் பயிர் வைக்கும் இருபது சம்சாரிகளும் அரிவாளும் வெறுங்கயிறுமாக நின்றார்கள். காலையில் மேலப் பொத்தைக் குன்றுக்குத் தழை வெட்டப் போனவர்களைக் காட்டிலாகாக் காவலர்கள் விரட்டிவிட்டிருந்தார்கள்.

"கேளும்வே. எங்க ஊர்ப் பொத்தை இனிமே சர்க்கார் விறகுக் காடுன்னு ரேஞ்சர் சொல்லுதான். எந்தப் பய அதை எழுதிக் குடுத்தது?... விளையாடுதீரா? இந்த வாரம் கார் நெல்லு நாத்தங்காலுக்கு உரமாத் தழை மிதிக்கணும். அந்தப் பொத்தையை விட்டா நாங்க எங்கன போவோம்?... தரிசா? பங்குனி வெயில்ல வந்து பாத்தா எல்லாந்தான் மொட்டையா நிக்கும். உம்ம மண்டையைத் தடவிப் பாரும், அதுவும் தரிசுதான்!"

வாசலில் சிரித்தார்கள். அவருக்கு இன்னும் சூடு ஏறியது.

"எவன்னு பேரைச் சொல்லும், தோலை உரிச்சிருதேன்... தாலுகா போர்டா? எங்க போர்டா?... சித்திரைக் கூட்டத்திலயா? நான் இருந்தேனேவே... இருந்தேங்கேன்... இரும், இரும். பைய வாசியும்... அர்த்தத்தைச் சொல்லும்வே... ஆட்சேபணை இல்லை... சரி... எல்லாரும் ஏகமனதா... கீழ யாரு கையெழுத்து?... என் கையெழுத்துமா?... ம்."

சித்திரைக் கூட்டத்தில் தலைவர் ஐந்து தாளை ஆங்கிலத்தில் வாசித்தார். பக்கத்து நாற்காலிக்காரர் கையைத் தூக்கினார். தில்லைநாயகமும் தூக்கினார். ஆறு வருஷமாக அப்படித்தான். ஊரிலோ, தினமும் காலையில் இங்கிலீஷ் பத்திரிகையை விரித்துவைத்துக்கொண்டுதான் ஆட்களோடு பேசுவார்.

"ஏன்வே அப்பவே என் காதுல போடல?... எனக்கு விளங்கிட்டுன்னு நினைச்சீரா? பொய் சொல்லாதயும்! உமக்கு ஆறு வருசமாத் தெரியும்!... சரி, கத்தல. வழியைச் சொல்லும்... தீர்மானம் மூணு மணிக்குக் கலெக்டருக்குப் போயிருமா?... நிறுத்தலாமா? மெம்பர் ஒருத்தர் வாக்கை வாபஸ் வாங்கணும்... காரணம்?"

வாசலுக்கு முதுகைத் திருப்பிக்கொண்டார். குரல் இறங்கியது.

"காய்ச்சல்ல இருந்தேன்னு எழுதக் கூடாதா?... செல்லாதா?... வேற காரணமே இல்லையா?... சரி, அதையே எழுதும். நான் டெலிபோன்ல சொன்னதா இப்பவே அனுப்பும், சாயங்காலம் வந்து ஒப்புப் போடுதேன்... சொன்னேனே... கேக்கலையா?... எனக்கு இங்கிலீஷ்... என்னவே, இன்னுமா கேக்கல? ஊகத்துல எழுத மாட்டீரா? பெரிய அரிச்சந்திரன்!... வைக்காதயும்! வைக்காதயும்வே!"

ஒரு கணம் கண்ணை மூடினார்.

"எனக்கு இங்கிலீஷ் தெரியாதுவே!"

கிட்டங்கிக் கூரைத் தகரம் அதிர்ந்தது. வாசலில் நின்றவர்கள் எல்லாரும் அவர் பக்கம் திரும்பினார்கள்.

"ஒரு எழுத்து தெரியாது! தெரியாமத்தான் கையைத் தூக்கினேன்! ஊர்ப் பொத்தையை நானே தூக்கிக் குடுத்துட்டேன்! இப்பக் கேட்டுதா? எழுதும்!... எழுதியாச்சா? வாசியும்... வே, கோட்டிக்காரப் பயலே, இங்கிலீஷ்லயா வாசிக்கே? தமிழ்ல வாசிலே!... ம்... ஆமா... ஆமா... அப்பிடியேதான். ஒரு வார்த்தையும் குறைக்காத. மூணு மணிக்குள்ள கலெக்டர் மேசையில இருக்கணும். ஓடு!"

குழலை மாட்டினார். வாசல் பக்கம் திரும்ப அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.